கெட்டவனாக நடிக்க ஆளில்லை

நாடகத்தில் கெட்டவனாக வர எங்கள் ஊரில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. நல்லவனாக வரத்தான் அடிபிடி.

அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல்நாள் நாடகம் போடுவது எங்களுக்கு வழக்கம். எழுதிப் பழக்குவது நான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற ஒருத்தி ஊரில் இருந்தால் இதெல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும். போன வைகாசிக்கு நான் எழுதியது ஒரு முதலாளியையும் அவரிடம் வேலை செய்கிற கூலியாளையும் பற்றியது. முதலாளியின் தண்ணீர்ப் பம்ப் காணாமல் போகிறது. கூலியாளைக் கள்ளன் என்கிறார். அவன் எங்கிருந்து வந்தவன், யாருக்குப் பிறந்தவன் என்றெல்லாம் திட்டித் திட்டிக் கயிற்றால் அடிக்கிறார். பிறகு பார்த்தால் பம்பை விற்றுக் குடித்தது முதலாளியின் சொந்தத் தம்பி. கடைசிக் காட்சியில் முதலாளி கூலியாளின் காலில் விழுந்து அழுவார், கூலியாள் அவரைத் தூக்கிக் கட்டிப்பிடிப்பான், திரை மூடும். கூலியாளுக்கு ஒரு மனைவியும் உண்டு. அவளுக்கு நான் மேடையில் ஒரு மூலையும் இரண்டு ஐயோவும் கொடுத்திருந்தேன்.

முதலாளி வேடத்துக்குத்தான் ஆளில்லை. எங்கள் சனம் நாடகம் பார்க்கிற விதம் அப்படி. அதற்கு முந்திய வருடம் கொடுமைக்கார மாமனாராக நடித்தவர், பாவம், சங்கக்கடையில் சீனி வாங்கப் போனாலும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தன் மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் குழம்பியதும் என் நாடகத்தால்தான் என்று அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் முறைப்பார்.

வாய்க்கால் கரையில் பெரிய வயல் வைத்திருக்கிற கமக்காரரைக் கேட்டேன். நல்ல உயரம், நல்ல குரல். கோயில் தலைவரின் தம்பி.

"என்ன டீச்சர், என்னையோ கேக்கிறியள்? என்னைப் பாத்தா ஆளுக்கு அடிக்கிறவன் மாதிரியே கிடக்கு?"

சனசமூக நிலையத்தில் இருந்த எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வாய்க்கால் தண்ணீரைத் திருப்பினார் என்று ஒரு கூலிக்காரரை மண்வெட்டிப் பிடியால் அடித்து மடைக்குள் தள்ளியவர் இந்தக் கமக்காரர். ஊருக்கே தெரிந்த கதை.

"எனக்கு அந்தக் கூலிக்காரன்ர வேசத்தைத் தாங்கோ. அடி வாங்கி அழுற இடம் இருக்கெல்லே, அது எனக்குச் சரியா வரும். நான் அழுதா சனம் அழும்" என்றார்.

அது உண்மைதான்.

"அப்ப முதலாளிக்கு ஆர்?" என்று கேட்டேன்.

தலைவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தம்பியின்ர டிராக்டர் ஓடுறவனைப் போடுங்கோ. அவனைச் சனம் திட்டினா என்ன, இப்பவும் திட்டுதுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கதைக்கிற கதையைப் பாருங்கோ" என்றேன். "அப்ப நீங்கள் மீசை வைச்சுக்கொண்டு வாங்கோவன், டீச்சர்" என்றார் தலைவர். அதற்கும் சிரித்தார்கள்.

அந்த டிராக்டர் ஓட்டுகிறவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தாயும் தகப்பனும் இனக்கலவரத்துக்குத் தப்பி மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அண்ணன் பிறந்தது இந்த மண்ணில். பேசுவதும் எங்கள் பேச்சுத்தான், பயமோ கோபமோ வந்தால் மட்டும் தாயின் பேச்சு வந்துவிடும். ஆனாலும் ஊருக்கு அவர் தோட்டக்காட்டான். என்ன கோதாரிச் சனம் இது! சண்டைக் காலத்தில் ஷெல் விழ விழ ஒரே பங்கருக்குள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கிடந்தவர்கள். ஒரே வரிசையில் நின்று ஒரே கிடாரத்துக் கஞ்சியை வாங்கிக் குடித்தவர்கள். ஷெல் நின்றதுதான் தாமதம், யார் எங்கிருந்து வந்தவன் என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கோயில் வேலிக்குள்ளே, உள்வீதியில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொங்கல் பானை வைக்க ஓர் இடம் உண்டு. அடுப்புக் கற்கள் வருடம் முழுக்க அங்கேயே கிடக்கும். தாயின் இடம் மகளுக்கு வரும். மலையகத்துக் குடும்பங்களுக்கு மட்டும் உள்ளே கல் இல்லை. அவர்கள் வேலிக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்து மருத மரத்தின் கீழ் பொங்கிவிட்டுப் போவார்கள். உள்ளே வராதே என்று ஒருத்தரும் சொன்னதில்லை. "இடம் காணாது" என்றுதான் சொல்வார்கள். உள்வீதியில் மாடுகள் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கும்.

அண்ணனின் மனைவியை ஊரில் எல்லோரும் அக்கா என்போம். அக்காவின் தாய் கடைசிவரை வெளியே பொங்கி, அந்த ஏக்கத்தோடேயே செத்துப்போனவர். தன் பானை அம்மனுக்கு முன்னால் பொங்க வேண்டும், அவ்வளவுதான் அக்கா கேட்டது. வருடா வருடம் கேட்பார், வருடா வருடம் இடம் காணாமல் போகும். முதலாளி வேடத்துக்கு மாட்டேன் என்று அண்ணன் சைக்கிளைத் திருப்பியபோது அக்காதான் குறுக்கே வந்தார்.

"இவர் நடிப்பார். எனக்கு உள்ளுக்கு இடம் தருவீங்களா?"

தலைவர் யோசித்தார். ஒலிபெருக்கி, பந்தல் எல்லாம் பேசியாகிவிட்டது. நாடகம் இல்லாவிட்டால் அவருக்குத்தான் மானக்கேடு. "சரி, நாடகத்தை நடிச்சு முடிச்சுக் குடுக்கட்டும். திங்கட்கிழமை நீ உள்ளுக்கு வை" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

நாடகம் பழகும்போது அண்ணனின் கை எழும்பவே இல்லை. கயிறு பழைய நூற்சேலையை முறுக்கிச் செய்தது, அடித்தால் ஈக்கும் நோகாது. திரைக்குப் பின்னால் ஒருவர் உமி அடைத்த உரப்பையில் தடியால் போடுவார், சத்தம் அங்கிருந்து வரும். அப்படியிருந்தும், முன்னால் முழங்காலில் இருப்பது தனக்குச் சம்பளம் தருகிற ஆள் அல்லவா, அண்ணனின் கை தோளுக்கு மேல் போகாது.

"கை வரமாட்டேங்குது டீச்சர்."

"அடியுங்கோ அண்ணை! கொஞ்சுறியளோ?" என்று கத்தினேன்.

கமக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கயிற்றைப் பறித்தார். "இஞ்ச பார். ரண்டா மடி. முனையை உள்ளங்கையில ஒரு சுத்துச் சுத்திப் பிடி, வழுக்காது. கையால அடிக்கிறேல்லை, தோளால அடிக்கிறது. முதல் அடியைக் காலில போடு, ஆள் விழும். விழுந்த பிறகு முதுகு உனக்குத்தான்." தூணில் அடித்துக் காட்டினார். சேலைக் கயிறே சீறியது.

"உதெல்லாம் எங்க பழகினனீங்கள்?" என்று கேட்டேன்.

"உது பழகுறதே டீச்சர்? தன்பாட்டில வாறது."

அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவருடைய கை எழும்பியது.

வீட்டுக்குப் போய் என் கடைசிக் காட்சியை எடுத்துப் பார்த்தேன். எனக்கே எரிச்சலாக இருந்தது. என் முதலாளி எதற்காக அழுகிறார்? ஆள் கள்ளனில்லை என்று தெரிந்ததால். அப்போ கள்ளனாக இருந்திருந்தால் அந்த அடி சரியா? தன் தம்பி கள்ளன் என்று தெரிந்த பிறகு அவனுக்கு ஏன் ஓர் அடியும் விழவில்லை? என் முதலாளிக்கு இந்தக் கேள்வியே வரவில்லை. நாடகம் எழுதுகிற எங்களுக்கு அவசரம், கடைசிப் பக்கம் வந்தால் ஆளைத் திருத்திவிட வேண்டும், சனம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மாற்றி எழுத நினைத்தேன். எப்படி மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இருட்டினால் யானை வந்துவிடும் என்பதால் எங்கள் ஊர் நாடகம் வெயிலிலேயே தொடங்கும். சனம் பாயில், தலைவரும் பெரியவர்களும் முன்னால் பிளாஸ்டிக் கதிரையில். அண்ணன் ஒட்டு மீசையும் பட்டு வேட்டியுமாக மேடைக்கு வந்ததுமே தொடங்கிவிட்டார்கள். "அறுவான்!" "நாசமாப் போவான்!" நான் திரைக்குப் பின்னால் நின்று சந்தோசப்பட்டேன். நாடகம் சனத்தைப் பிடித்துவிட்டது என்றால் எழுதினவளுக்கு வேறென்ன வேண்டும்.

அடிக்கிற காட்சி வந்தது. அண்ணன் கயிற்றை இரண்டாக மடித்தார். முனையை உள்ளங்கையில் சுற்றினார். காலில் ஓர் அடி. பின்னால் உரப்பை வெடித்தது. கமக்காரர் அலறிக்கொண்டு குப்புற விழுந்தார். முதுகில் அடுத்த அடி விழுந்ததும் அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் சிவப்புப் படர்ந்தது. இடுப்பு வரைக்கும் வழிந்தது.

அப்படி ஒன்றை நான் எழுதவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, மனுசன் தன்பாட்டில் குங்குமத்தைக் கரைத்துப் பொலித்தீன் பையில் கட்டிச் சேர்ட்டுக்குள் முதுகில் ஒட்டி வைத்திருந்திருக்கிறார். கண்ணீரோடு இரத்தமும் சேர்ந்தால் சனம் இன்னும் அழும் என்று நினைப்பு. எனக்கும் சொல்லவில்லை, அடிக்கிற அண்ணனுக்கும் சொல்லவில்லை.

இரத்தம் கண்ட சனம் இது. பாயில் இருந்த ஒரு பெண் ஐயோ என்று குழறினார். அதோடு முழுச் சனமும் குழறியது. அண்ணன் கயிற்றைப் போட்டுவிட்டு, "அய்யா! என்னாச்சுங்க அய்யா?" என்று கமக்காரர் மேல் குனிந்தார். அதற்குள் தலைவர் மேடையில் நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய மருமக்களும் சொந்தக்காரரும்.

"தோட்டக்காட்டு நாயே, எங்கட ஆளிலையோ கை வைக்கிறாய்?"

முதல் குத்து வாயில். ஒட்டு மீசை இரத்தத்தோடு கழன்று தொங்கியது. அண்ணன் தள்ளாடி எழும்ப, ஒருவன் பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் போட்டு உடைத்தான். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு அது. நினைத்திருந்தால் இரண்டு பேரையாவது தூக்கி எறிந்திருப்பார். ஒரு கை திருப்பி ஓங்கவில்லை. "நாடகங்க, நாடகங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு முகத்தை மறைத்தார். தலைவர் பந்தல் தடியைப் பிடுங்கி, மறைத்த அந்தக் கையில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். அந்தச் சேலைக் கயிற்றைத் தூக்கித் தலைவரின் முதுகில் என் பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். பஞ்சுக் கயிறு, அவருக்கு உறைக்கவே இல்லை. இன்னும் அடித்தேன். "விடுங்கோடா! கொல்லப் போறியளோ?" என்று கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது.

கமக்காரர் கிடந்த இடத்திலேயே கிடந்தார். கண் மூடி, வாய் திறந்து, செத்தவர் மாதிரி. நானும் மயங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா சனத்தைப் பிளந்துகொண்டு மேடையில் ஏறினார். புருசனிடம் போகவில்லை. நேரே கமக்காரரிடம் போய் அந்தச் சேர்ட்டைப் பிடித்துப் பின்பக்கமாகக் கிழித்தார். பிய்ந்த பொலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினார். முதுகில் வழிந்த சிவப்பை உள்ளங்கையால் வழித்துத் தன் நெற்றியில் அப்பிக்கொண்டு சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"குங்குமம்யா! கண்ணு தெரியலையா ஒங்களுக்கு? குங்குமத்துக்காகவா எம் புருசன கொல்றீங்க?"

அடி நின்றது. யாரோ ஒருவர் ஒலிபெருக்கியையும் நிறுத்தினார். அண்ணனின் முகத்தில் எது வாய், எது மூக்கு என்று தெரியவில்லை.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கை இரண்டு இடத்தில் முறிவு, பல் போய்விட்டது, ஒரு கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து அக்காவிடம் விசாரித்தது. அடித்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அக்கா ஒன்றும் விடாமல் சொன்னார். பிறகு வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், காலைல எங்கூட கோயிலுக்கு வருவீங்களா? பானை வைக்கணும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வருவேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை உள்வீதி முழுக்கப் புகை. அக்கா பானையைத் தலையிலும் மூன்று கற்களை ஓலைப் பெட்டியிலும் கொண்டு வந்தார். நான் அரிசியையும் தேங்காயையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வெறுமையாகக் கிடந்த ஓர் இடத்தில் அக்கா கற்களை வைத்தார், பானையை ஏற்றினார், கொண்டுவந்த கொஞ்ச விறகை மூட்டினார். பக்கத்து அடுப்புக்காரர்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டார்கள்.

தலைவர் வந்தார். "இஞ்ச என்ன செய்யிறாய்? வெளியில கொண்டு போ."

"வாக்குக் குடுத்தீங்க."

"நாடகத்தை நடிச்சு முடிச்சா எண்டுதானே சொன்னனான். முடிஞ்சதே? கடைசிக் காட்சி நடக்கேல்லைத்தானே?"

இப்படியும் ஒரு நியாயம் கதைக்க ஒரு மனுசனுக்கு வாய் வருமா? ஆனால் சுற்றி நின்ற சனம் தலையாட்டியது. "ஓம், முடியேல்லைத்தான்" என்று ஒரு குரலும் எழுந்தது.

"கையை முறிச்சுப்போட்டு நடிக்கேல்லை எண்டு சொல்லுறியளோ? உங்களுக்கு விசரே?" என்றேன்.

"டீச்சர், நீங்கள் பேசாம நில்லுங்கோ. என்ர முதுகில அடிச்சதை நான் இன்னும் மறக்கேல்லை."

அப்போதுதான் கமக்காரர் தன் குடும்பத்து அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். முழுச் சனமும் பார்க்கத் தன் தமையனான தலைவரின் முன்னால் நின்றார்.

"நாடகத்தை நிப்பாட்டினது அவனில்லை அண்ணை. நான்தான்."

"நீ மயங்கியெல்லோ கிடந்தனி."

"மயங்கேல்லை. முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். நீங்கள் அவனுக்கு அடிச்சது முழுக்கக் கேட்டது. கை முறிஞ்சதும் கேட்டது. எழும்பி, உது குங்குமம் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. சனம் சிரிக்கும் எண்டு பேசாமக் கிடந்தனான்."

நான் எத்தனையோ பாத்திரங்களுக்கு வசனம் எழுதியிருக்கிறேன். நெஞ்சில் அடித்து அழுகிற வசனம், மன்னிப்புக் கேட்கிற வசனம். சிரிப்புக்குப் பயந்து ஒரு மனுசனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன் என்று என் ஆட்களில் ஒருத்தரும் சொன்னதில்லை. அவ்வளவு கேவலமான ஒன்றைச் சொல்லவைக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. இந்த ஆளை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது, அன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் அவர் அதைச் சொன்னார்.

தலைவர் அறைந்தார். அந்தச் சத்தத்துக்கு உரப்பை தேவைப்படவில்லை. கமக்காரரின் உதடு கிழிந்து இரத்தம் நாடியில் இறங்கியது. தலைவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அக்காவின் பானைக்குக் காலை ஓங்கினார். கமக்காரர் பானைக்கு முன்னால் குந்திவிட்டார். உதை அவருடைய விலாவில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அவர் வலியில் முனகினாரே ஒழியக் கை ஓங்கவில்லை. தலைவர் திரும்பிச் சனத்தைப் பார்த்தார். இந்த முறை ஒருத்தரும் தலையாட்டவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா குந்தியிருந்து நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். நடந்தது ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளு" என்றார் கமக்காரர். அவருடைய கண்ணில் நீர் நின்றது. மேடையில் வருகிற அழுகை இல்லை, சத்தமே இல்லாத அழுகை.

சுற்றி நின்ற பெண்கள் அக்காவைப் பார்த்தார்கள். எல்லோரும் அந்த ஒரு சொல்லைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் எதிர்பார்த்தேன்.

அக்கா ஊதுவதை நிறுத்தினார். "எங்க வூட்டுக்காரரு கை ஒடைஞ்சு கெடக்காரு. ஒங்களுக்கு ஒதடு கிழிஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணாயிருமாங்க?"

அக்கா கடைசி விறகையும் அடுப்புக்குள் தள்ளினார்.

"பானை பொங்க இந்த வெறகு பத்தாது. போய்க் கொண்டாங்க."

கமக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு யாரும் அப்படி வேலை சொல்லி இந்த ஊர் பார்த்ததில்லை. திட்டுவார், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். தன் அடுப்படிக்குப் போனார். மனைவி தடுக்கத் தடுக்க அங்கே அடுக்கியிருந்த விறகை ஒரு கட்டாக அள்ளித் தோளில் வைத்தார். உள்வீதியின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரைக்கும் எல்லோர் முன்னாலும் நொண்டி நொண்டி வந்து, அக்காவின் கையில் கொடுக்க நீட்டினார்.

அக்கா கை நீட்டவில்லை.

"கீழ வைங்க" என்றார்.